வழாநிலையும் வழுவும்

திருச்சானூரில் பத்மாவதித் தாயார் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வாசல்தோறும் புள்ளிக் கோலங்களைக் காணலாம். தெலுங்கர் முக்குலு என்பர். தமிழர் கோலம் என்பர். பெயர் எதுவாயினும் விதி உண்டு. அவ்விதியை முறைசார் மொழிக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர். அவர்களுடைய 1974ஆம் ஆண்டுக் கட்டுரை, எழுத்துச் சரங்களுக்குப் பதிலாக எழுத்துக் கட்டங்களைப் பிறப்பிக்கும் இலக்கணங்களால் கோலங்களை விளக்கியது.

மொழிக்குள் அடங்குவனவற்றுக்கு விதி கிடைத்துவிட்டது. அடங்காதவற்றுக்கும், அதாவது அதன் நிரப்புக்கும், அதே வகை விதி கிடைக்குமா?

ஒழுங்கு மொழிகளில் கிடைக்கும். சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்கிறது நன்னூல். இதைச் சோதிக்க ஒரு முடிவுறு தானியங்கி போதும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே வழி கொண்ட அத்தானியங்கியில் ஏற்கும் நிலைகளையும் ஏலா நிலைகளையும் இடம் மாற்றினால், விதி மீறிய சொற்களை மட்டும் ஏற்கும் தானியங்கி பிறக்கும்.

சூழல்சாரா மொழிகளில் இச்சமநிலை குலைகிறது. ஒரு சரத்தை எழுதி அதையே மீண்டும் எழுதிய தொடர்கள் சூழல்சாரா மொழி ஆகா. அவற்றின் நிரப்போ ஆகும். சூழல்சார் மொழிகளின் நிரப்புப் பற்றிக் குரோடா 1964இல் எழுப்பிய வினாவுக்கு 1987இல்தான் இம்மர்மனும் செலெப்செனியும் தனித்தனியே விடை கண்டனர்: அங்கே நிரப்பும் அவ்வகைக்குள்ளேயே அடங்கும்.

கட்டங்களுக்கு வருவோம். ஜம்மாரேசியும் ரெஸ்டிவோவும் வரையறுத்த ஏற்புடைப் படமொழிகளில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மறைகுறி இட்டு, அண்டைக் கட்டங்களின் குறிகள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்ப்பர். ஒரு சதுரக் கோலமும் அதன் கீழே அதே கோலமும் உள்ள படங்களை எண்ணுக. பக்கத்துக்கு 10 கட்டம் எனில் ஒப்பிட வேண்டியவை 100. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையிலோ குறியிட 10 இடமே உண்டு. பக்கம் வளர வளர அவ்வெல்லை அவ்வளவு செய்தியைக் கடத்தாது. ஆகவே அம்மொழி இவ்வகைக்குள் அடங்காது. இரண்டும் வேறானவை என்று காட்டவோ வேறுபடும் ஓரிடத்தைச் சுட்டினால் போதும், அந்நிரப்பு அடங்கும்.

தமிழ் இலக்கணிகள் வழாநிலையைச் சொன்னதோடு நில்லாமல் வழுவையும் தனியே வகுத்தனர். பிழையான தொடரைக் கேட்டவுடன் பிழை என்று உணர்பவரின் அறிவு, சரியான தொடர்களைப் பிறப்பிக்கும் விதிகளின் வெறும் மறுபக்கமா? நிரப்பைப் பற்றிய தேற்றங்கள், அதை ஆராயாமல் கொள்ளலாகாது என்கின்றன.