தங்கல் திடலில் ஒரு தண்ணீர்க் குழாய்



அமெரிக்காவில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வாழும் குடும்பங்கள் நம்மிடையே இன்று பல. அவர்களைக் காணச் செல்லும் பெரியவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஒரு புதிய அனுபவம் வாய்க்கக்கூடும். ‘ஆர்.வி.’ எனப்படும் வீட்டு வண்டிப் பயணமே அது. படுக்கை, அடுப்படி, குளியலறை, கழிப்பறை ஆகிய யாவும் அந்த வண்டிக்குள் அடங்கியிருக்கும். பகலில் ஓடி, மாலையில் ‘கேம்ப் கிரவுண்ட்’ என்னும் தங்கல் திடலில் அது நிற்கும். வசதியுள்ள திடல்களில் ஒவ்வொரு வண்டிக்கும் மின்சாரத்துக்கு ஒரு கம்பம், தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவுநீருக்கு ஒரு துவாரம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் குடும்பத்தாருடன் ஆரிகன் மாநிலத்தில் அவ்வாறு பயணம் செய்தேன். அங்குள்ள மலைகளின் எழிலைப் பிறர் எழுதட்டும். நான் அந்தத் தண்ணீர்க் குழாயைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

திடலை அடைந்ததும் என் மருமகன் பிளீச் கலந்த நீரில் துணியை நனைத்துக் குழாயின் வாயைத் துடைப்பார். பின்னர்க் குழாயைத் திறந்து சிறிது நேரம் நீரை ஓடவிடுவார். “நல்ல குழாய்தானே, எதற்கு இத்தனை பாடு?” என்று கேட்டேன். “நமக்கு முன்னால் இதில் யார் எதைக் கழுவினார்களோ, மாமா” என்றார்.

மறுநாள் காலையில் அதன் பொருள் விளங்கிற்று. அடுத்த இடத்திலிருந்து புறப்பட்ட ஒருவர், தம் வண்டியின் கழிவுநீர்க் குழாயைக் கழற்றி, அதன் வாயைக் குடிநீர்க் குழாயோடு ஒட்டிப் பிடித்துக் கழுவினார். கழுவி முடித்துச் சென்றுவிட்டார். நண்பகலுக்குள் அதே இடத்துக்குக் கைக்குழந்தையுடன் வேறொரு குடும்பம் வந்தது. என் மருமகன் பிளீச் புட்டியை எடுத்துக்கொண்டு விரைந்தார். நடந்ததைக் கூறி, குழாயைத் தாமே துடைத்துக் கொடுத்தார். அந்தத் தாய் குழந்தையை அணைத்தபடி பலமுறை நன்றி கூறினாள்.

இது மிகையான அச்சம் என்று எண்ணிவிடாதீர்கள். அதே ஆரிகன் மாநிலத்திலுள்ள கிரேட்டர் லேக் தேசியப் பூங்காவில், 1975-ஆம் ஆண்டுக் கோடையில், குடிநீர் ஊற்றில் கழிவுநீர் கலந்துவிட்டது. பார்வையாளரும் பணியாளருமாகப் பெருந்தொகையானோர் வயிற்றுப்போக்கால் அவதியுற்றனர்; பூங்காவையே சில காலம் மூட நேர்ந்தது.

குழாயைச் சுத்தம் செய்தபின் கவனிக்க வேண்டியது நீரின் அழுத்தம். வண்டிக்குள் இருப்பவை மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள். சதுர அங்குலத்துக்கு 40 முதல் 50 பவுண்டு வரையிலான அழுத்தமே அவற்றுக்கு உகந்தது. சில திடல்களிலோ அழுத்தம் 100 பவுண்டையும் தாண்டுவதுண்டு. நம் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் எதற்கோ, அதற்காகவே இங்கும் ஒரு ரெகுலேட்டர் வேண்டும். அதைத் திடலின் குழாயில் முதலில் பொருத்தி, அதன் பின்னரே ஹோஸை இணைக்க வேண்டும். அப்போதுதான் வண்டியோடு ஹோஸும் காக்கப்படும். நீரை மெல்லத் திறந்து, வண்டிக்குள் ஒரு குழாயையும் திறந்துவைத்தால் அடைபட்ட காற்று வெளியேறிவிடும். வெளியே செல்லும்போது திடலின் குழாயை மூடிச் செல்வது நலம். ஆளில்லாத வேளையில் ஓர் இணைப்பு கழன்றால் வண்டி முழுதும் வெள்ளமாகும்.

ஹோஸ் எதுவாயினும் போதும் என்று இருந்துவிடலாகாது. அமெரிக்கச் சட்டப்படி, 2014-ஆம் ஆண்டு முதல், குடிநீர் செல்லும் உலோகப் பாகங்களில் நீர் படும் பரப்பின் ஈயம் சராசரியாக 0.25 விழுக்காட்டை மீறக்கூடாது. தோட்டத்துக்கென விற்கப்படும் ஹோஸ்களை இச்சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. எனவே குடிநீருக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட ஹோஸையே வாங்க வேண்டும். பெரும்பாலும் அது வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கும். கழிவறைத் தொட்டியைக் கழுவ வேறொரு ஹோஸ் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதும் தகாது. நாம் அருந்துவதும், ஒளுச் செய்வதும், குழந்தைக்குப் பால் கரைப்பதும் அந்த ஒரே நீரில்தானே!

பலரும் அறியாத ஆபத்து இன்னொன்று உண்டு. குழாய் நீர் எப்போதும் நம்மை நோக்கியே வரும் என்று நம்புகிறோம். எங்கேனும் பெரிய குழாய் உடைந்தாலோ, தீயணைப்புக்காகப் பெருமளவு நீர் இறைக்கப்பட்டாலோ அழுத்தம் திடீரெனக் குறையும். அவ்வேளையில் உங்கள் ஹோஸின் நுனி ஒரு வாளி அழுக்கு நீரில் மூழ்கிக் கிடந்தால், அந்த நீர் பொதுக்குழாய்க்குள் உறிஞ்சப்படக்கூடும். அதைத் தடுக்கவே பின்னோட்டத் தடுப்பு வால்வு என்னும் சிறு கருவி உள்ளது. திடலின் குழாயில் அது இல்லையெனில் நாமே ஒன்றை வாங்கிப் பொருத்தலாம்.

நெடுநாள் கிடந்த வண்டியாயின் அதன் நீர்த்தொட்டியையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு 15 காலன் கொள்ளளவுக்கும் கால் கோப்பை வாசனையற்ற பிளீச் என்பது பொதுவான கணக்கு. அதை நீரில் கலந்து தொட்டியை நிரப்பி, சில மணி நேரம் வைத்திருந்து, வாடை போகும்வரை நல்ல நீரால் அலச வேண்டும். இணைப்பில் பொருத்தும் சாதாரணக் கரி வடிகட்டி மண்ணையும் வாடையையும் நீக்குமேயன்றிக் கிருமிகளுக்குக் காப்பாகாது. நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு திடலில் அறிவிப்பு இருந்தால், தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் விட வேண்டும். 6,500 அடிக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் மூன்று நிமிடம் வேண்டும்.

வாசகர்களே, இவை அனைத்துக்கும் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை. தங்கல் திடலில் எவரும் எவருக்கும் உறவினர் அல்லர். ஓரிரவு தங்கிப் பிரிபவர்கள். ஆயினும் ஒரே குழாயில் அடுத்தடுத்து வாய் வைப்பவர்கள். முன்னவர் விட்டுச்சென்ற அழுக்கைத் துடைப்பது நம் வீட்டாருக்கான காவல். புறப்படும் வேளையில் அக்குழாயை இன்னொரு முறை துடைத்துவிட்டுச் செல்வது, நாம் காணவே போகாத ஒரு குழந்தைக்கான காவல். உங்கள் பிள்ளைகள் அத்தகைய பயணத்துக்கு ஆயத்தமாகும்போது, இந்த இரண்டையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.