வெறும் டியூபில் ஒரு கோடு!

'எம்.எஸ்ஸி.யில் என்னம்மா ப்ராஜெக்ட்?'னு சொந்தக்காரங்க கேட்டா, 'டி.என்.ஏ. ஆராய்ச்சி'ன்னு கெத்தா சொல்லிடுவேன். உங்ககிட்ட மட்டும் உண்மை... மலத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்கிற வேலை!

மூக்கைப் பிடிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். நம்ம குடலுக்குள்ள லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியா குடியிருக்கு. அதுல யார் யார் இருக்காங்கன்னு கணக்கெடுக்கிறதுதான் விஷயம். ஹாஸ்டலில் 24 பேர் கையெழுத்து போட்டு, வெட்கத்தை விட்டு டப்பாவை நீட்டினாங்க. வாங்கினதும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். வெளியே கிடந்தா சில பாக்டீரியா மட்டும் பெருகி, கணக்கே மாறிடும்.

அப்புறம் குட்டி மணிகளோட டியூபில் போட்டு மெஷினில் குலுக்கணும். சில பாக்டீரியாவோட சுவர் அவ்வளவு கெட்டி. உடைக்காம விட்டா அது கணக்கிலேயே வராது. வெளியே வந்த டி.என்.ஏ.வைச் சுத்தம் பண்ணி, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிற 16எஸ் ஜீனில் ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். மெஷினில் கோடிக்கணக்கில் நகலெடுத்தா, சாம்பிள் சீக்வென்ஸிங்குக்கு ரெடி.

இதில் 25-வதா ஒரு டியூபும் கூடவே வரும். எல்லா கெமிக்கலும் உண்டு, சாம்பிள் மட்டும் கிடையாது. பேரு 'பிளாங்க்'. கடைசியில் ஜெல்லில் ஓட்டும்போது அந்த இடம் காலியா இருக்கணும்.

எனக்கு இல்லை. மங்கலா ஒரு கோடு!

மணி ராத்திரி ஒன்பது. மறுநாள் சாம்பிள் அனுப்பணும். ஜெல் போட்டோவில் அந்த ஓரத்தை மட்டும் வெட்டிட்டா யாருக்கும் தெரியாது. சத்தியமா, மௌஸ் வரைக்கும் கை போச்சு. அப்போ அந்த 24 முகமும் ஞாபகம் வந்துச்சு. அவங்க குடலில் இல்லாத பாக்டீரியாவை இருக்குன்னு எழுதவா?

காலையில் மேடம்கிட்ட காட்டினேன். திட்டலை. "எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடி"ன்னாங்க. டி.என்.ஏ. பிரிக்கிற கிட்டிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. ஒட்டிக்கிட்டு வரலாம்னு 2014-ல் ஒரு ஆய்வு காட்டியிருக்கு. அதனால் முதல் சந்தேகம் கிட் மேல. டி.என்.ஏ.வே போடாம, பழைய தண்ணியில் ஒரு பி.சி.ஆர்., புதுத் தண்ணியில் ஒண்ணு ஓட்டினேன். பழசில் கோடு, புதுசில் இல்லை. குற்றவாளி, நான் திறந்து திறந்து மூடின தண்ணி பாட்டில்!

எல்லா பி.சி.ஆரும் மறுபடி. அந்த பேட்ச் போயிடுச்சு, அடுத்ததுக்கு ஒரு மாசம் காத்திருந்தேன். இந்த முறை பிளாங்க் சுத்தம். ஆனாலும் அதையும் சேர்த்தே சீக்வென்ஸிங்குக்கு அனுப்பினேன்.

உங்க ப்ராஜெக்ட்லயும் இப்படி ஒரு வெறும் டியூப் இருக்கும். அது ஏதாவது சொன்னா, காது கொடுத்துக் கேளுங்க!