மலைக்குக் கீழே ஒரு கூரை

'போடிக்குப் போயிட்டு வந்தேன்'னு சொன்னதும் கிளாஸ்ல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "குரங்கணியா, டாப் ஸ்டேஷனா?" ரெண்டும் இல்லை மக்களே... நான் ஏறினது பொட்டிபுரத்துல ஒரு ஓட்டு வீட்டு மேல!

ஆயுத பூஜை லீவு. "எங்க ஊருக்கு வாடா, மலையடிவாரம், செமையா இருக்கும்"னு நண்பன் கூப்பிட்டான். மதுரையிலிருந்து போடிக்கு ரயில். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்றுபோய், பன்னிரண்டரை வருஷம் கழித்து 2023 ஜூனில் அகலப் பாதையாகத் திரும்பி வந்த அதே தடம். தேனி தாண்டினதும் ஜன்னல் முழுக்க மலைதான். போடியில் இறங்கி பஸ் பிடித்து, பொட்டிபுரம் போய், "டீயைக் குடிச்சுட்டு மலையேறலாமா மாப்ள?" என்று கேட்டேன். அவன் சுவரில் சாத்தியிருந்த ஏணியைக் காட்டினான்.

"வாங்கய்யா... ஐப்பசி பொறக்குறதுக்குள்ள ஓடு மாத்திப்புடணும்" என்றார் அவனுடைய அப்பத்தா. ஆஹா, வசமா சிக்கிட்டோம்!

ஆடி கலைக்கும், ஐப்பசி நனைக்கும்

குளிர்காலம்னா பனி, ஸ்வெட்டர் எல்லாம் சினிமாவுல. இந்தப் பக்கம் குளிருக்கு முன்னாடி வர்றது அடைமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியில் கொட்டித் தீர்க்கும். பொட்டிபுரம் இருப்பது மழை மறைவுப் பக்கம். மலை தாண்டி வருவது பெரும்பாலும் காற்றும் கொஞ்சம் சாரலும்தான். அந்த ஆடிக் காத்து சும்மா போகாது. ஓட்டை நகர்த்தி வெச்சுட்டுப் போகும். மிச்ச வேலையைப் பூனையும் குரங்கும் பார்த்துக்கும்.

அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூணே மாசத்தில் கொட்டிவிடும். ஆடி கலைத்ததை ஐப்பசி கண்டுபிடிப்பதற்குள் நாம் கண்டுபிடிக்கணும். அதற்குக் கிடைக்கிற இடைவெளிதான் புரட்டாசி.

பகலில் நட்சத்திரம்

எங்கே ஒழுகும்னு எப்படித் தெரியும்? அப்பத்தாவின் டெஸ்ட் ரொம்ப சிம்பிள். உச்சி வெயில் நேரத்தில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்க்கணும். இருட்டுக்குள் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். பதினோரு நட்சத்திரம் எண்ணினேன். வெயில் நுழையுற இடத்தில் மழையும் நுழையும். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே தரையில் சாக்பீஸ் புள்ளி. அப்புறம்தான் ஏணி.

மேலே இருந்தது மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை போட்டு ஆரம்பித்த சமாச்சாரம். ஆணி கிடையாது, சிமென்ட் கிடையாது. ஓட்டுக்கு அடியில் இருக்கிற மூக்கு ரீப்பரில் மாட்டிக்கும். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காரும், பக்கத்து ஓடு பள்ளத்தில் கோத்துக்கும். மழைத்தண்ணி ஒண்ணு மேல ஒண்ணாக வழிந்து இறவாரம் வந்து சேரும். இதில் ஒரே ஒரு ஓடு ரெண்டு விரக்கடை நழுவினால் போதும், கதை முடிஞ்சது!

ஓட்டு வேலைக்கு வந்த தாத்தா எனக்கு ஒரே நாளில் லேப் கிளாஸ் எடுத்தார். ஓட்டை முட்டியால் தட்டணும். 'டங்'னா நல்லது. 'டப்'னா விரிசல், ஓரமா வை. கால் வைக்கும்போது ஓட்டின் நடுவில் மிதிக்காதே, அடியில் மரம் ஓடுற இடமாப் பார்த்து மிதி. கைமரத்தை நகத்தால் கீறிப் பார், பொடி உதிர்ந்தா கரையான். நான் மிதித்தே மூணு ஓட்டை உடைத்தேன். "படிக்கிற புள்ளைல்ல" என்று தாத்தா மன்னித்துவிட்டார். இந்த வேலை தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கத்தில் இப்போ அவர் ஒருத்தர்தானாம். நாலு நாள் காத்திருந்துதான் அவரைப் பிடிச்சிருக்கான் நண்பன்.

அந்தப் பின்சுவர்

மதியம் சாப்பிடும்போதுதான் கவனித்தேன். வீட்டின் மூணு சுவர் மண், பின்சுவர் மட்டும் பூசாத செங்கல். "இது மட்டும் ஏன்டா இப்படி?"

போன வருஷம் கார்த்திகையில், ராத்திரி அந்தச் சுவர் விழுந்துவிட்டதாம். ரெண்டே ரெண்டு ஓடு நழுவியிருக்கிறது. தண்ணி வீட்டுக்குள் சொட்டியிருந்தா பாத்திரம் வெச்சிருப்பாங்க. அது சொட்டாமல் சுவரின் தலையில் இறங்கியிருக்கிறது. ஒரு மாசம் குடித்துக் குடித்து சுவர் ஊறிப்போச்சு. அப்பத்தா எப்பவும் படுக்கிற இடம் அது. அன்னைக்குப் பேத்திக்குக் காய்ச்சல்னு முன்பக்கம் வந்து படுத்திருக்கார்.

"மண் செவுரு காஞ்சிருந்தா கல்லு. நனைஞ்சா களி" என்றார் அப்பத்தா, ரசத்தை ஊத்திக்கொண்டே. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரெண்டு ஓட்டைச் சரி செய்ய அரை நாள் போதுமே, ஏன் செய்யலை? நண்பனின் அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் ஏலத்தோட்ட வேலை. விடியறதுக்கு முன்னாடி ஜீப், மலையேறி கேரளா, பொழுது சாய வீடு. ஏலக்காய் பறிப்பு ஆவணி வாக்கில் சூடுபிடித்தால் தை வரை போகும். வீட்டைப் பார்க்க வேண்டிய புரட்டாசியும், கூலி கிடைக்கிற புரட்டாசியும் ஒரே புரட்டாசி! ஒரு நாள் நின்னா ஒரு நாள் கூலி போச்சு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப்போட்டதுதான். சோம்பேறித்தனம் இல்லை பாஸ், கணக்கு. இந்த வருஷம் அந்தக் கணக்கை நண்பன் தன் லீவை வைத்துச் சரி செய்தான்.

பக்கத்து வீடு காங்கிரீட். அவங்க தப்பிச்சாங்களா? அங்கேயும் ஏறினோம். மொட்டை மாடித் தூம்பை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. தண்ணி தேங்கினா விரிசல் வழியா உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்தே தள்ளித் தள்ளி காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். நாலு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்ததை, தலைக்கு மேல் கம்பி தெரிகிற நிலையில் பார்த்தேன்.

பெரிய கூரை

சாயங்காலம் வேலை முடிந்து முகட்டில் உட்கார்ந்தோம். எதிரே அம்பரப்பர் மலை. நியூட்ரினோ ஆய்வகத்துக்காக நாடு முழுக்கப் பேசப்பட்ட இடம். விண்ணிலிருந்து ஓயாமல் பொழிகிற காஸ்மிக் கதிர்களை வடிகட்ட, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை வேணும். அதனால் மலைக்குள் சுமார் 2 கி.மீ. சுரங்கம், 50 ஆயிரம் டன் இரும்புக் கருவி என்று திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தண்ணீரும் மலையும் என்னாகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

"மலையையே கூரையாக் கேட்டாங்க அப்பத்தா" என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார், "ஏய்யா, அம்புட்டுப் பெரிய கூரைக்கு யாரு வருசா வருசம் ஓடு மாத்துறது?"

நீங்களும் ஏறுங்க!

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போறவங்க படம் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. மாடித் தூம்பில் சருகை அள்ளுங்க. ஓட்டு வீடுன்னா மதியம் நட்சத்திரம் எண்ணுங்க. சுவர் ஓரமா தண்ணி தேங்காம வாய்க்கால் வெட்டி விடுங்க. ஈரம் ஏறின சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தா தொடாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. உப்பின சுவர், சாய்ஞ்ச சுவர் பக்கத்தில் யாரையும் படுக்க விடாதீங்க.

ஐப்பசி மூணாம் தேதி போடிப் பக்கம் நல்ல மழை. ஹாஸ்டலில் இருந்து போன் போட்டேன். "ஒழுகுதா அப்பத்தா?"

"செவுரெல்லாம் காஞ்சு கெடக்குய்யா. அடுப்படி மூலையில மட்டும் ஒரு சொட்டு."

"அச்சச்சோ, எந்த ஓடு?"

"நீ வெச்ச ஓடுதேன்!"