கிட்னி பலவீனம் என்றால் பெருநாடிக்கு வைத்தியமே இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் அறுபதைத் தாண்டிய, சிகரெட் பழக்கமுள்ள ஆண்கள் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் வகுப்பில் படம் கீறி 'தொகுதிப் பெருநாடி' என்று படிப்பிக்கிறோமே, அது இதயத்திலிருந்து புறப்பட்டு வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே அதன் அகலம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். சிலருக்கு வயது போகப் போகச் சுவர் பலமிழந்து, பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஓரிடத்தில் ஊதிவிடும். 3 சென்ரிமீற்றருக்கு வந்தால் வீக்கம் என்பார்கள். பெரும்பாலும் நோவே இருக்காது. வெடித்தால் தப்புகிறவர்கள் குறைவு. ஐன்ஸ்டைன் 1955இல் இறந்தது இதனால்தான். (1948இல் அவருடைய வயிற்றைத் திறந்து வீக்கத்தைச் செலோபேன் தாளால் சுற்றியிருந்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம் அவ்வளவுதான்.)

எங்கள் மாமாவுக்கு இது தற்செயலாகத்தான் அகப்பட்டது. சலக்கடுப்புக்கு வயிற்று ஸ்கேன் எடுக்கப்போன இடத்தில் 5.2 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆண்களுக்கு 5.5 ஆனால்தான் பொதுவாக ஒப்பரேஷன் பேச்சு. ஆனால் மாமாவுக்கு இருபது வருசச் சீனி வருத்தம், கிரியேட்டினினும் கூட. வாவிக்கரை வீட்டில் குடும்பமே கூடிவிட்டது. "கிட்னி பழுதான மனிசனுக்கு ஒப்பரேஷன் என்னத்துக்கு, விடுங்க" என்று பெரியவர்கள். "தொடையால செய்றாங்களாம், கொழும்புக்குக் கொண்டு போங்க" என்று கட்டாரிலிருந்து மச்சான்.

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, மடித்த துணிக்குழாயை நாடி வழியாக ஏற்றி வீக்கத்துக்குள் விரித்துவிடும் முறையை ஆர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி 1990இல் செய்து காட்டினார். ஆனால் எக்ஸ்ரேயில் நாடி தெரிய அயடீன் சாயம் ஏற்ற வேண்டும். பலவீனமான கிட்னியை அது இன்னும் கெடுக்கலாம். இன்னொன்று, கிட்னிக்குப் போகும் நாடிகள் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் குழாயின் மேல்விளிம்பு வந்து நிற்க வேண்டும். பிசகி அவற்றை மூடினால் கிட்னிக்கு இரத்தமே போகாது.

இங்கேதான் நாடிக்குள்ளால் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. மெல்லிய கதீற்றர் ஒன்றின் நுனியில் ஸ்கேன் கருவி. அதே துளையால் போய், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கி, நாடியைச் சுற்றிவரப் படமாகக் காட்டும். கலங்கல் தண்ணீரில் தோணிக்காரர் கம்பை விட்டு ஆழம் பார்க்கிற மாதிரி, சாயமில்லாமலே அகலத்தை அளக்கலாம். சுவரில் எங்கே சுண்ணாம்பு படிந்திருக்கிறது, எங்கே இரத்தம் உறைந்திருக்கிறது, கிட்னி நாடி எந்த இடத்தில் பிரிகிறது, எல்லாம் தெரியும். முடிவில் கசிவு பார்க்கக் கொஞ்சம் சாயம் தேவைப்படலாம். ஆனாலும் மொத்த அளவு நன்றாகக் குறையும்.

குறையும் உண்டு. கதீற்றர் சரிந்து கிடந்தால் நாடி உள்ளதைவிட அகலமாகத் தெரியும். பார்ப்பவருக்குக் கைப்பழக்கம் வேண்டும். விலையும் கூட, எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது.

கிளினிக்கில் டொக்டரிடம் நாங்கள் நேரடியாகவே கேட்டோம்: "சேர், சாயம் எவ்வளவு போகும்? உள்ளுக்குள்ளால பார்க்கிற ஸ்கேன் வைச்சுச் செய்யலாமா?" இப்போதைக்கு ஒப்பரேஷன் தேவையில்லை, ஆறு மாதத்தில் திரும்ப அளப்போம், அந்த நிலை வந்தால் கிட்னியைக் காரணம் காட்டிக் கைவிடத் தேவையில்லை என்றார். போகும்போது பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டுகளையும் கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்டார்.

மாமா பிரஷர் குளிசையை இப்போது தவறவிடுவதில்லை. சிகரெட் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.