வாப்பாவின் கை



போன பெருநாளைக்கு லண்டனிலிருந்து தம்பி வந்திருந்தான், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. பள்ளிக்கு நடந்து போகும்போது வாப்பா அவனுடைய கையைப் பிடித்தார். கொஞ்ச தூரம் போனதும் ஃபோனை எடுக்கிற சாட்டில் தம்பி கையை மெல்ல உருவிக்கொண்டான். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மாவிடம் மட்டும், "அவனுக்கு இப்ப நம்மளெல்லாம் புடிக்கல்ல போல" என்றாராம்.

இரவு தம்பியிடம் கேட்டேன். திகைத்துப் போனான்.

"காக்கா, அங்க ரெண்டு ஆம்பிளைகள் கைகோர்த்து நடந்தா சோடி எண்டுதான் நினைப்பாங்க. இத்தனை வருஷமா ஒருத்தரும் என்ட கையைப் புடிக்கல்ல. அது தானா விலகிட்டு."

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் வெளியிட்ட நூலில் இதை அளந்தே காட்டியிருக்கிறார். 45 சென்ரிமீற்றருக்குள் மிக நெருங்கியவர்கள், 120 வரை பழகியவர்கள். ஆனால் இது தன் நாட்டவரைப் பார்த்து எடுத்த அளவு, எல்லாச் சமூகத்துக்கும் பொருந்தாது என்றும் அவரே எழுதினார்.

நம்முடைய அளவு வேறுதானே? ஸஃபில் தோளோடு தோள் நிற்கிறோம். பெருநாளன்று கட்டித் தழுவுகிறோம். நானே கூட்டாளியின் சுண்டுவிரலைக் கோர்த்துக்கொண்டு பஸாரில் நடந்தவன். ஆனால் அதே பஸாரில் என் மனைவியின் கையை ஒருநாளும் பிடித்ததில்லை. லண்டனில் இது தலைகீழ். யாரை எங்கே தொடலாம் என்பதில்தான் வித்தியாசம். பாசம் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

நம்மிலும் பிழை உண்டு. வங்கி வரிசையில் முன்னால் நிற்பவரின் கழுத்தில் மூச்சுப் படுகிற மாதிரி நிற்கிறோம். பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளை ஒதுங்கி நின்றால் பெருமைக்காரி என்கிறோம். அவளுக்கும் ஓர் அளவு இருக்கும் என்று யோசிப்பதில்லை.

மறுநாள் வாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அத என்னட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

தம்பி திரும்பிப் போகிற அன்று வாப்பா கையை நீட்டாமல் வாசலில் நின்றார். தம்பிதான் போய்ப் பிடித்தான். வேன் வரும் வரைக்கும் விடவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளை விலகி நின்றால் மனதுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.