தண்ணீராகத் தெளியும் வரை

செம்போடு செம்பைச் சேர்க்க ஃபிளக்ஸ் வேண்டாம். செம்போடு பித்தளையைச் சேர்க்க ஃபிளக்ஸ் இல்லாமல் ஆகாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், குளிர்பதன அறைகளுக்குக் குழாய்த் தொகுதிகள் செய்யும் ஒரு பட்டறைக்குள் நுழைந்த எனக்கு, அங்கே வேலை கற்றுத்தரும் மாஸ்டர் முதலில் சொன்னது இதைத்தான். "இது புரிஞ்சா போதும் சார், மீதியெல்லாம் கைப்பழக்கம்" என்றார். அந்த மீதி எவ்வளவு பெரியது என்பது அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

நீளமான தகரக் கூரைக் கூடம். ஒரு மூலையில் எல்.பி.ஜி., ஆக்சிஜன் சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டப்பட்டு நிற்கின்றன. சற்றுத் தள்ளி நைட்ரஜன். மேசைகளில் வளைத்து வைத்த காப்பர் குழாய்கள், பித்தளை வால்வுகள், டீ, எல்போ. இங்கிருந்து போகும் தொகுதிகள் பால் குளிரூட்டும் நிலையங்களிலும் மீன் கிடங்குகளிலும் பொருத்தப்படுகின்றன. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள். பயிற்சிக்கு வந்த பெண்கள் இருவரும் இருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அவருக்கு ஆண்கள் தம்பி, பெண்கள் பாப்பா.

இணைக்கப்படும் உலோகங்களை உருக்காமல், 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் வேறொரு உலோகத்தை நடுவில் ஓடவிட்டுப் பிடிக்க வைப்பது பிரேசிங். அந்தச் சூட்டுக்குக் கீழே நடந்தால் சால்டரிங். செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி வேண்டும். நடுவில் ஓடவிடும் உலோகக் கம்பியான ராடு அதற்கு வெகுமுன்பே உருகி, குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் இடையிலுள்ள மயிரிழைச் சந்தில் தானாக ஏறிக்கொள்கிறது. 0.05 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்ல சந்து. அதற்கு மேல் அகன்றால் நுண்புழை ஏற்றம் வேலை செய்யாது. இறுகிப்போனால் உலோகம் உள்ளே போக வழி இருக்காது. ஏறுவதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: உலோகம் வெறும் உலோகத்தைத் தொட வேண்டும். சுடர் பட்ட குழாயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆக்சைடு கருத்துப் படர்கிறது. அதன் மேல் விழும் உருகிய ராடு தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும், ஒட்டாது. அந்தப் படலத்தைக் கரைத்து, காற்றை மறைத்து நிற்கும் பூச்சுதான் ஃபிளக்ஸ்.

செம்பும் செம்பும் சேரும் இடத்தில் இந்தப் படலத்தை ராடே கவனித்துக்கொள்கிறது. அதிகம் புழங்கும் ராடில் 93 சதவீதம் செம்பு, 7 சதவீதம் பாஸ்பரஸ். உருகும்போது பாஸ்பரஸ் செம்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கசடாக மேலே வந்துவிடும். 5 சதவீதமோ 15 சதவீதமோ வெள்ளி சேர்த்த ராடுகளிலும் இதே பாஸ்பரஸ்தான் வேலை செய்கிறது. வெள்ளி கூடினால் இணைப்புக்கு நெகிழ்வு கூடும், அதிர்வைத் தாங்கும். குழப்பம் தொடங்குவது இங்கேதான். கடையில் எல்லாமே 'சில்வர் ராடு'. வெள்ளி இருக்கிறதே, பித்தளைக்கும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி ஃபிளக்ஸ் இல்லாமல் ஊதுகிறார்கள். பித்தளைக்குள் துத்தநாகம் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடைப் பெயர்க்கும் வலு அந்தப் பாஸ்பரஸுக்குக் கிடையாது.

மாஸ்டர் இதை வாயால் சொல்லி நிறுத்துபவர் அல்ல. ஒரு பயிற்சிப் பெண்ணிடம் பித்தளை நிப்பிளையும் குழாய்த் துண்டையும் கொடுத்து, பாஸ்பரஸ் ராடால் ஃபிளக்ஸ் இல்லாமல் ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் நான் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி அழகான வளையம், எங்கும் இடைவெளி தெரியவில்லை. பிறகு அதை வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுக்கச் சொன்னார். உள்ளே உலோகம் விளிம்போடு நின்றுவிட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் கருத்த, வெறும் சந்து. இன்னொரு துண்டு, ஃபிளக்ஸ் போட்டு 45 சதவீத வெள்ளி ராடால் ஊதியது. அதையும் அறுத்தார்கள். சந்தின் கடைசி வரை வெள்ளை உலோகம் ஓடியிருந்தது. கம்ப்ரஸர் ஓடும்போது குழாய் ஓயாமல் அதிரும். முதல் துண்டைப் போன்ற இணைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று அந்தப் பெண் கேட்டார். "அது உன் கையில இல்ல பாப்பா, மெஷின் கையில இருக்கு" என்றார் மாஸ்டர்.

வெளியிலிருந்து பார்த்துத் தரம் சொல்ல முடியாத வேலை இது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்மையாக இருப்பவர்களுக்கு நாம் கொடுக்கும் கூலியும் மரியாதையும் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபிளக்ஸ் ஒட்டுப் பசை அல்ல. அழுக்கைத் தின்னும் மருந்தும் அல்ல. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதன் மேல் ஃபிளக்ஸ் நிற்கவே நிற்காது. முதலில் துணியால் பிசுக்கைத் துடைத்து, எமரித் தாளால் குழாயின் முனையையும் ஃபிட்டிங்கின் உள்ளையும் தேய்த்துப் பளிச்சிட வைக்கிறார்கள். தேய்த்த இடத்தைப் பிறகு விரலால் தொடக் கூடாது. அதன் பிறகே ஃபிளக்ஸ். அதுவும் உள்ளே நுழையும் குழாயில் மட்டும், முனையில் 3 மில்லிமீட்டர் வாக்கில் வெறுமையாக விட்டு, தூரிகையால் மெல்லிய பூச்சு. நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் பரவிவிடும். ஃபிட்டிங்கின் உள்ளே தடவினால், நுழையும் குழாய் அதைத் தள்ளிக்கொண்டுபோய் உட்பக்கம் கொட்டிவிடும். குளிர்பதனச் சுற்றில் உள்ளே விழுந்த ஃபிளக்ஸ் எங்கும் போவதில்லை. வடிகட்டியிலோ கேப்பிலரிக் குழாயிலோ போய் அடைத்துக்கொள்ளும்.

பல பட்டறைகளில் வேறொரு பழக்கம் உண்டு. ராடின் முனையைச் சூடாக்கி, டப்பாவிலுள்ள பொடியில் தொட்டு எடுத்து, அப்படியே இணைப்பில் வைப்பார்கள். அந்தப் பொடி வந்து சேர்வதற்குள் குழாய் நெருப்பில் இருந்தாயிற்று, ஆக்சைடும் படர்ந்தாயிற்று. ஃபிளக்ஸின் முதல் வேலை, சூடு ஏறும்போதே காற்றை மறைத்து நிற்பது. பிந்தி வந்தால் பாதி வேலை போயிற்று. பசை காய்ந்துபோன டப்பாவை அப்படியே பயன்படுத்துவதும் இதே வகைத் தவறு. கொஞ்சம் சுத்தமான தண்ணீர் விட்டுக் குழைத்தால் பழையபடி ஆகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதற்கடுத்த கட்டம். சூட்டை அளக்க அங்கே கருவி எதுவும் இல்லை. ஃபிளக்ஸைப் பார்த்தே அளக்கிறார்கள். 100 டிகிரியில் அது தண்ணீரை விட்டுக் கொதிக்கிறது. 300 டிகிரியைத் தாண்டியதும் வெள்ளையாகப் பொங்கி உப்புகிறது. 425 டிகிரி வாக்கில் பொங்கியது அடங்கி, மங்கலாகப் படிகிறது. 600 டிகிரியை எட்டும்போது தண்ணீராகத் தெளிந்து குழாய் முழுக்க ஈரம்போல் ஓடுகிறது. அந்தத் தெளிவு வரும் வரை ராடு சுடரின் பக்கமே வரக் கூடாது. 45 சதவீத வெள்ளி ராடு முழுதாக உருக 743 டிகிரி வேண்டும். 56 சதவீத ராடுக்கு 652 போதும். தெளிந்த பிறகு இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றி, ராடைச் சந்தின் வாயில் தொட்டால் அதுவே உருகி ஓடுகிறது. "ராடை நெருப்புல உருக்காத தம்பி, குழாய்ச் சூட்டுல உருகட்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சுடரில் உருக்கிச் சொட்டவிட்ட ராடு ஆறிய குழாயின் மேல் உறைந்து நிற்கும், உள்ளே போகாது.

செம்பு சூட்டை வேகமாகக் கடத்திக்கொண்டு ஓடும். பித்தளை அந்த அளவுக்குக் கடத்தாது. அதனால் முதலில் குழாயைச் சூடாக்கி, பிறகு சுடரை ஃபிட்டிங் பக்கம் திருப்பி, இரண்டுக்கும் நடுவே ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பித்தளையின் ஒரே இடத்தில் சுடரை நிறுத்தினால் துத்தநாகம் ஆவியாகத் தொடங்கும். அது கொதிப்பது 907 டிகிரியில். இணைப்பைச் சுற்றி வெள்ளைப் புகை எழுந்தால் பித்தளை எரிகிறது என்று பொருள். வால்வுக்குள் ரப்பர் வளையமும் டெஃப்லானும் இருப்பதால் அதன் உடலில் ஈரத் துணி சுற்றிவிடுகிறார்கள். குழாயின் உள்ளே மெல்லிய ஓட்டமாக நைட்ரஜன் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே ஃபிளக்ஸ் காக்கிறது, உள்ளே நைட்ரஜன் காக்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. நைட்ரஜன் விடாமல் ஊதிய குழாயை வெட்டிக் காட்டினார்கள். உள்ளே கரிய செதில்கள், விரலால் தட்டியதும் உதிர்ந்தன.

மாஸ்டரின் தகப்பனார் கும்பகோணத்தில் பொன் வேலை செய்தவர். கல்லில் தண்ணீர் விட்டு வெண்காரத்தை உரைத்து, அந்தக் குழம்பை நகையின் இணைப்பில் தடவி, பற்றாசுப் பொடி வைத்து, ஊதுகுழலால் குமுட்டி நெருப்பை ஊதுவாராம். இன்று டப்பாவில் வரும் ஃபிளக்ஸிலும் போரான் சேர்மங்கள்தான் முதல் பங்கு. கூடவே பொட்டாசியம் ஃபுளோரைடு வகை உப்புகள். வெண்காரம் 743 டிகிரியில்தான் முழுதாக உருகும். ஃபுளோரைடு சேர்ந்த கலவை அதற்கு முன்பே தெளிந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிளஸ் டூவில் வெண்கார மணிச் சோதனை செய்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: செம்பு உப்பைத் தொட்டுச் சூடாக்கினால் மணி சூட்டில் பச்சையாகவும் ஆறினால் நீலமாகவும் தெரியும். செம்பு ஆக்சைடு அந்தக் கண்ணாடியில் கரைவதால் வரும் நிறம் அது. பட்டறையிலும் அதே நிறம்தான் எச்சரிக்கை. இணைப்பில் ஃபிளக்ஸ் பச்சையாகவோ கருப்பாகவோ மாறினால், அது இனிமேல் ஆக்சைடைக் கரைக்க முடியாத அளவுக்கு நிரம்பிவிட்டது. சூட்டை மேலும் ஏற்றுவதில் பயனில்லை.

இணைப்பு உறைந்ததும் சிலர் சுடரை அணைத்துவிட்டு அடுத்த துண்டை எடுக்கிறார்கள். அதைப் பார்த்தால் மாஸ்டருக்குப் பொறுக்காது. சிவப்பு மறைந்து சற்று ஆறியதும், சூடு இருக்கும்போதே வெந்நீரும் கம்பித் தூரிகையும் கொண்டு ஃபிளக்ஸைக் கழுவி எடுக்க வேண்டும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. விட்டால் பச்சைக் களிம்பு ஏறி உலோகத்தை அரிக்கும். அதைவிட மோசமானது இன்னொன்று. உறைந்த ஃபிளக்ஸ் ஊசித் துளையைக் கண்ணாடியாக மூடிக்கொள்ளும். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தாலும் குமிழி வராது. சரக்கு போய்ச் சேர்ந்து, ஈரத்தில் அந்தக் கண்ணாடி கரைந்த பிறகு வாயு கசியத் தொடங்கும். குளிர்பதன வாயுவான ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

மருத்துவமனை ஆக்சிஜன் குழாய்களுக்கு இந்த வேலையில் இன்னும் கடுமையான ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 99ஆம் எண் விதித்தொகுப்பு, செம்பு-செம்பு இணைப்பில் ஃபிளக்ஸ் தொடக் கூடாது என்கிறது. நைட்ரஜன் ஓட்டத்தில் பாஸ்பரஸ் ராடு மட்டுமே. குழாயில் மிச்சமாகும் துகள் போவது நோயாளியின் நுரையீரலுக்கு என்பதுதான் காரணம். பித்தளை வால்வு வரும் இடத்தில் மட்டும் வெள்ளி ராடும் ஃபிளக்ஸும் உண்டு, அங்கும் அளவு மிகக் குறைவு.

ஊதுபவர்களின் நுரையீரல் பற்றி இவ்வளவு தெளிவான ஒழுங்கை நான் பார்க்கவில்லை. துத்தநாகப் புகையை இழுத்தவருக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரும், உடம்பு அடித்துப்போட்டதுபோல் வலிக்கும், ஓரிரு நாளில் விட்டுவிடும். விட்டுவிடுவதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பால் குடித்தால் போதும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்னமும் இருக்கிறது. பால் புகையைத் தடுக்காது. ஃபுளோரைடு ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. காட்மியம் கலந்த வெள்ளி ராடுகளை 2011இல் தடை செய்தது. அந்த ராடு சுலபமாக ஓடும் என்று பழைய கைகள் இன்றும் விரும்புகிறார்கள். அதன் புகை ஆளைக் கொல்லக் கூடியது. இந்தப் பட்டறையில் காட்மியம் இல்லாத ராடு என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஃபிளக்ஸ் டப்பாவிலுள்ள எச்சரிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. புகையை வாய்க்கு எட்டும் முன் இழுத்துவிடும் விசிறி ஒவ்வொரு மேசைக்கும் வேண்டும். மாஸ்டர் அதை உரிமையாளரிடம் கேட்டிருக்கிறார். ஒரு மேசைக்கு மட்டும் வந்திருக்கிறது, அதில் பயிற்சிக்காரர்களை உட்கார வைத்திருக்கிறார்.

நான் கிளம்பும் நேரத்தில், முந்தின நாள் இரவு அழுத்தத்தில் விட்டுவைத்த தொகுதி ஒன்றில் அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தது. நுரை தடவித் தேடியதில் ஒரு பித்தளை டீயின் அடியில் குமிழி தெரிந்தது. ஒரு தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு, மேலாக ஒரு சொட்டு ராடு வைத்துவிடலாமா என்று கேட்டார். உள்ளே பழைய ஃபிளக்ஸும் ஆக்சைடும் அடைந்து கிடக்கும்போது, மேலே வைக்கும் ராடு மூடியாகத்தான் நிற்கும். மாஸ்டர் முதலில் அழுத்தம் முழுவதையும் இறக்கச் சொன்னார். பிறகு அந்த இணைப்பைச் சூடாக்கிக் கழற்றி, வெந்நீரில் கழுவி, இரண்டு பக்கமும் எமரி போட்டு, புதிதாக ஃபிளக்ஸ் தடவி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அந்தத் தம்பி ஏற்கெனவே வால்வைத் திறந்து நைட்ரஜனை வெளியேற்றத் தொடங்கியிருந்தார்.