விடுபட்ட இதழ்கள்

சேகரிப்போர்க்கு விடுபட்ட ஓர் எண்ணே முள்ளாய் உறுத்தும். இலண்டனில் 1958 முதல் 1984 வரை ‘வார் பிக்சர் லைப்ரரி’ என்னும் போர்ச் சித்திரக்கதைத் தொடர் 2,103 இதழ்களாக வெளிவந்தது. மதரஸாவில் கிதாபு ஓதிய பீளமேட்டு ஆசிரியனுக்கு அத்தனையும் கைகூடுமா?

இதழ் எண்களுக்கு ஒரு குறிப்பேடு, இரட்டைப் பிரதிகளின் பண்டமாற்று, அட்டை கிழிந்தும் உட்பக்கம் குறையாத பிரதிகள், பழைய புத்தகக் கடையில் பொறுமை: இவையே சிக்கனத்தின் வழிகள்.

ஆயினும் அன்பர்களே, இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 25 இலட்சம் இந்தியர் படையில் பணிபுரிந்தனர். சுமார் 87,000 பேர் மாண்டனர். அக்கதைகளிலோ நம்மவர் முகம் அரிது. வரிசை நிறைந்தாலும் அவ்விடம் வெறுமையே. ஆதலின் மாணவரிடம் ஒரு பிரதியைத் தரும்போதெல்லாம், “இதில் வராதவர் யார்?” என்று வினவுவது என் வழக்கம்.